சோற்றையும் எடை போட்ட தண்டல்

பர்னபாஸ் தண்டலிடம் தோணியைக் கொடுத்தால் நான்கு மூட்டை கரையில் நின்றுவிடும் என்று பழைய துறைமுகத்தில் சொல்வார்கள். தண்டல் என்றால் தோணியை ஓட்டிப் போகிறவர், கப்பலுக்குக் கேப்டன் மாதிரி. மற்றத் தண்டல்கள் வெங்காயமும் செங்கல்லும் மாலத்தீவுக்கு ஏற்றும்போது சரக்கை மட்டும்தான் கணக்கில் வைப்பார்கள். பர்னபாஸ் அண்ணன் அப்படி இல்லை. ஆட்களுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, விறகு, குடிதண்ணீர்ப் பீப்பாய் எல்லாவற்றையும் முதலில் உள்ளே வைக்கச் சொல்வார். தோணியின் பக்கவாட்டில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. அதற்கு மேல் தண்ணீர் ஏறக் கூடாது. அரிசியும் தண்ணீரும் ஏறியபின் தோணி எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் சரக்குக்குக் கை காட்டுவார். கோடு நனைந்ததும் போதும் என்பார். அப்போது மூட்டைகள் கரையில் நிற்கும்.

"சோத்தையெல்லாம் எடை போட்டா நான் எங்கன யாவாரம் பண்ண?" என்று சரக்கு அனுப்புகிற செல்வதுரை அண்ணாச்சி சத்தம் போடுவார்.

"சோறும் எடைதான் அண்ணாச்சி. தோணிக்குள்ள ஏறுனது எல்லாம் எடைதான்."

அண்ணாச்சி மூட்டைகளைத் திருப்பி லாரியில் ஏற்றுவார். அடுத்த நடைக்கும் இவரைத் தேடித்தான் வருவார். இவர் கொண்டுபோன வெங்காயம் நனைந்து அழுகியது என்று மாலத்தீவிலிருந்து யாரும் சொல்லி அனுப்பியதில்லை.

என் வீட்டுக்காரரும் அந்தத் தோணியில் போனவர்தான். ஒரு நடையில் குமரிக்குத் தெற்கே இன்ஜின் நின்று, காற்றும் செத்துப்போய், தோணி கடலில் சும்மா கிடந்தது. தண்ணீர் குறைந்ததும் தண்டல் எல்லோருடைய குவளையையும் பாதியாக்கினார், தன்னுடையதையும் சேர்த்து. ஒருவனுக்குக் காய்ச்சல். அவனால் ஒரு கயிறுகூட இழுக்க முடியவில்லை. வேலை செய்யாதவனுக்கு எதற்கு அதே அளவு என்று முனகியவன் முப்பிடாதி, அந்தத் தோணியில் சோறு பொங்குகிற பண்டாரி. தண்டல் அவன் பக்கம் திரும்பவே இல்லையாம், ஊற்றிக்கொண்டே போனாராம். முப்பிடாதியே இதைச் சிரித்துக்கொண்டு சொல்லுவான். "நான் முனகினேன், அதுக்காக என் பாதிக் குவளைய விடல" என்பான்.

பார்வை மங்கியதும் பர்னபாஸ் அண்ணன் கரைக்கு வந்துவிட்டார். மனைவி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை கிடையாது. பெரிய கோயிலுக்குப் பின்னால் ஒரே ஒரு அறை. அதில் அவரே பொங்கி அவரே தின்றார். தங்கை மகன் ஜாய்சன் அடுத்த தெருவில் இருந்தான். கப்பலுக்குச் சரக்கு அனுப்புகிற ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன். அவன் மனைவி எமில்டா ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு அனுப்புவாள். இவர் பாத்திரத்தைக் கழுவி, அதில் நான்கு கருவாடோ ஒரு பிடி வறுகடலையோ போட்டுத்தான் திருப்பி அனுப்புவார். ஒரு தடவையும் வெறும் பாத்திரம் போனதில்லை. "இந்த மனுஷருக்கு ஒரு வாய் சோறு சும்மா போட முடியல பெரியம்மா" என்று எமில்டா என்னிடம் குறைப்பட்டுக்கொள்வாள்.

சங்கத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. தோணிக்காரர்கள் சேர்ந்து வைத்த உதவிச் சங்கம் அது. ஒவ்வொரு தோணியும் ஒவ்வொரு நடையின் கூலியிலும் ஒரு பங்கை அதில் போட வேண்டும். கடலுக்குப் போக முடியாத வயசாளிகளுக்கும் எங்களைப் போல விதவைகளுக்கும் அதிலிருந்து மாதம் நாலாயிரம் வரும். அதைப் படி என்போம். சாகும்வரை வரும். மிச்சத்தில் வைத்தியச் செலவு. குழுவில் ஐந்து பேர்: அண்ணாச்சி தலைவர், ஜாய்சன் செயலாளர், கடலுக்குப் போகிறவர்கள் சார்பில் ஃபிராங்க்ளின், வயசாளிகள் சார்பில் முப்பிடாதி, விதவைகள் சார்பில் நான். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, அது அங்கே தேவையும் இல்லை. நங்கூரக் கயிற்றில் ஒரு துண்டை மேசைமேல் நீளமாகப் போடுவார்கள். முடிவுக்குச் சம்மதம் உள்ளவர்கள் அதைப் பிடிக்க வேண்டும். ஐந்து பேரும் பிடித்தால்தான் முடிவு. ஒரு கை குறைந்தாலும் காரியம் அப்படியே நிற்கும்.

முன்பு வைத்தியத்துக்கு வரம்பு கிடையாது. செந்தில்முருகன் என்று ஒரு பையன், கல்யாணம் ஆன புதிது, சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிற்று. கேட்கக் கேட்கக் கொடுத்தோம். பெட்டி காலியானது. அவனும் பிழைக்கவில்லை. படி நின்று, வயசாளிகள் கடையில் கடன் சொல்லி நின்றார்கள். அதன்பிறகுதான் ஒரு சட்டம் போட்டோம். ஒரு வைத்தியம் ஒரு ஆளுக்கு ஒரு வருஷ ஆயுள் கொடுக்கும் என்றால், அதற்கு ஒரு தோணி ஒரு வருஷத்தில் போடுகிற பங்கு அளவுக்குக் கொடுக்கலாம். ஏறக்குறைய ஒன்றரை லட்சம். அதைத் தாண்டினால் இல்லை. கேட்கிறவர்களுக்குக் கல்நெஞ்சுப் பேச்சாக இருக்கும். படி வராத மாதங்களைப் பார்த்தவள் நான். அன்று நானும் கயிற்றைப் பிடித்தேன்.

பர்னபாஸ் அண்ணனுக்கு முதலில் சிறுநீர் அடைத்தது. பிறகு முதுகெலும்பில் வலி. திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்துப் பார்த்ததில், வயசான ஆண்களுக்கு வருகிற புற்று, எலும்புக்கு இறங்கிவிட்டது என்றார்கள். ஊசி ஒன்று இலவசமாகக் கிடைத்தது. கூடவே தினமும் போட வேண்டிய ஒரு மாத்திரை, அதைக் கைக்காசு போட்டுத்தான் வாங்க வேண்டும், மாதம் பத்தாயிரம்.

"குணமாயிருமா?" என்று கேட்டாராம் இவர்.

"ஆகாது. தள்ளிப்போடலாம். இரண்டு வருஷம், கொஞ்சம் கூடவும் இருக்கலாம். மாத்திரை இல்லன்னா அதில் பாதியும் நிச்சயம் இல்ல" என்றாராம் டாக்டர்.

அந்த மாத்திரையைச் சங்கம் கொடுக்குமா கொடுக்காதா என்பதற்குத்தான் கூட்டம் போட்டோம். யாருடைய காரியத்தைப் பேசுகிறோமோ அவர் உள்ளே உட்காரக் கூடாது என்பது வழக்கம். பர்னபாஸ் அண்ணன் வாசலுக்கு வெளியே ஒரு ஸ்டூலில் இருந்தார். உள்ளே பேசுவது எல்லாம் அவருக்குக் கேட்கும்.

"மாத்திரை வருஷத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம்" என்றான் ஜாய்சன்.

"ஒன்றரைக்குள்ள இருக்கு. பிறகென்ன, கயித்த எடு" என்றார் அண்ணாச்சி.

"இன்னும் முடியல அண்ணாச்சி. படி இருக்கு. வருஷத்துக்கு நாப்பத்தெட்டாயிரம். மாத்திரை சாப்பிட்டு அவர் இருக்கிற காலம் பூரா அதையும் நாமதான் குடுக்கணும். மாத்திரை இல்லன்னா அந்தச் செலவு கிடையாது. அப்ப அதுவும் மாத்திரையால வார செலவுதான். ரெண்டையும் கூட்டுனா ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம். வரம்பத் தாண்டுது."



"அப்ப செத்தா சங்கத்துக்கு லாபம்னு சொல்லுதியோ?" என்றான் முப்பிடாதி.

"நான் அப்படிச் சொல்லல சித்தப்பா. கூட்டிச் சொன்னேன்."

"யாருலே உனக்கு இப்படிக் கூட்டச் சொல்லிக் குடுத்தா?" என்று நான் கேட்டேன்.

ஜாய்சன் வாசல் பக்கம் கையைக் காட்டினான். "மாமாதான். தோணிக்குள்ள ஏறுனது எல்லாம் எடைதான்னு பிறந்ததுலேந்து கேட்டுட்டு வாரேன்."

வெளியிலிருந்து குரல் வந்தது. "அவன் சொல்லுதது சரிதான்."

எனக்கு எரிச்சல் வந்தது. "செந்தில்முருகனுக்குக் குடுத்தப்ப இப்படிக் கூட்டினியளா? அவன் பொழச்சிருந்தா வயசான பெறகு அவனும் படி வாங்கியிருப்பாம்லா?"

"அவன் கடலுக்குப் போயிப் பங்கு போட்டிருப்பான் பெரியம்மா. அதக் கழிச்சா ஒண்ணும் நிக்காது."

"அப்பப் பங்கு போடப்போறவனுக்கு மருந்து. போட்டு முடிச்சவனுக்கு இல்ல."

"பெட்டியில இருக்கது இவ்வளவுதான். இவருக்குக் குடுத்துட்டா அடுத்து வாரவன்கிட்ட நான் என்ன சொல்ல? சொந்த மாமாவுக்கு மட்டும் கணக்க வளச்சான்னு கேப்பானா இல்லையா?"

அங்கேதான் விஷயம் இருந்தது. ஃபிராங்க்ளின் என் காதருகே சொன்னான்: "வேற யாருன்னாலும் மாத்திரைய மட்டும்தான் கூட்டியிருப்பான்." ஜாய்சன் கெட்டவன் இல்லை. தன் ஆளுக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்று பயந்து மறுபக்கம் சாய்ந்துவிட்டான்.

மாத்திரை இல்லை என்று முடிவு சொல்லிக் கயிற்றைப் போட்டார்கள். ஜாய்சன் பிடித்தான். அண்ணாச்சி தலை குனிந்துகொண்டு பிடித்தார். மற்ற இருவரும் பிடித்தார்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"பெரியம்மா."

"மாட்டேன். ஒருத்தர் திங்கிற சோறு நோய்க்குச் செலவு இல்ல. நோய் இல்லன்னாலும் திம்பாரு."

"நோய் இல்லன்னா இந்தப் பேச்சே இல்லையே."

"அது உன் பேச்சு. என் கை இது."

கூட்டம் கலைந்தது. இல்லை என்றும் முடிவாகவில்லை, உண்டு என்றும் முடிவாகவில்லை. முடிவாகாதவரை மாத்திரை கிடையாது. என் பிடிவாதத்தால் அவருக்கு அன்று நடந்தது அவ்வளவுதான். அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் இல்லை.

எமில்டா சும்மா இருக்கவில்லை. தன் கைக்காசில் ஒரு மாத மாத்திரையை வாங்கி, ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, மீன்குழம்புப் பாத்திரத்தோடு சேர்த்து வைத்து அனுப்பினாள். மறுநாள் பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது. உள்ளே மாத்திரை அட்டை அப்படியே இருந்தது. அதன்மேல் நான்கு கருவாடு.

நான் போய்ப் பார்த்தபோது அவர் சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு அடுப்பில் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தார். நேராக நிற்க முடியவில்லை.

"ஏளா அமலோற்பவம், அந்தக் கயித்தப் பிடிச்சுத் தொலை. எதுக்கு இழுத்துக்கிட்டு கெடக்க?"

"நான் பிடிச்சா ஒங்களுக்கு மாத்திரை கிடையாதுன்னு ஆயிரும்."

"இப்ப மட்டும் இருக்கோ?"

"இப்ப இல்லன்னு யாரும் சொல்லல."

அவர் சிரித்தார். சிரித்தால் முதுகு வலிக்கும் போலிருக்கிறது, உடனே நிறுத்திக்கொண்டார். எனக்கும் ஒரு கோப்பைக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். உப்புக் கூடுதல். குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு அவர் ஆட்டோவில் வந்தார். ஸ்டூலில் உட்கார முடியாமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே பேச்சைத் தொடங்கும் முன்பே வெளியிலிருந்து சொன்னார்.

"எனக்குப் படி வேண்டாம். நிறுத்திருங்க. மாத்திரைய மட்டும் குடுங்க. அப்பக் கணக்கு வரம்புக்குள்ள வந்துரும்."

"சோத்துக்கு என்ன பண்ணுவீங்க மாமா?" என்றான் ஜாய்சன்.

"உன் வீட்டுல திங்கேன்."

கருவாடு போடாமல் ஒரு பாத்திரத்தைத் திருப்பி அனுப்பாத மனிதர். ஜாய்சன், "கணக்கு சரியா வருது" என்று சொல்லிக் கயிற்றை எடுத்துப் போட்டான். அண்ணாச்சி உடனே பிடித்துவிட்டார், அவருக்கு நிம்மதி.

"ஏலே, ஒண்ணு கேக்கேன். அந்தச் சோத்துச் செலவு எங்கன போச்சு?" என்றேன்.

"என் வீட்டுக்குப் பெரியம்மா."

"அப்ப அது போகல. இடம் மாறியிருக்கு."

"சங்கத்துக் கணக்குலேந்து போயிட்டுல்லா. நான் பாக்குறது சங்கத்துக் கணக்கு."

அவனிடம் பேசிப் பிரயோசனம் இல்லை என்று வாசல் பக்கம் திரும்பினேன்.

"அண்ணே, நீங்க எந்தக் காலத்துல தண்ணிப் பீப்பாயக் கரையில இறக்கிட்டு மூட்டைய ஏத்துனீங்க?"

அவர் வாய் திறக்கும் முன் நானே தொடர்ந்தேன்.

"சோத்த எடை போட்டீங்க, சரி. எதுக்குப் போட்டீங்க? சோறு உள்ள இருக்கணும்னு. கரையில நின்னது மூட்டை. இந்தப் பய அதே சோத்த எடை போட்டு ஆளையே இறக்கி விடுதான். நீங்களும் பீப்பாயத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு நானே இறங்குதேன்னு நிக்கீங்க."

"கரையில நின்னது என் மூட்டை. எனக்குத் தெரியும்" என்றார் அண்ணாச்சி. ஃபிராங்க்ளின் சிரித்துவிட்டான். வாசலில் நின்றவர் வாயைத் துடைத்துக்கொண்டார், சிரிப்பா வலியா தெரியவில்லை.

ஜாய்சனுக்குக் கோபம் வரவில்லை. கயிற்றை மேசைமேல் விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டான்.

"சரி பெரியம்மா. சோறு உள்ளயே இருக்கட்டும். எந்த மூட்டைய இறக்க? அதச் சொல்லுங்க. தோணி கோட்டைத் தாண்டி அமிழுது, அது பொய்யில்ல. அடுத்த வருஷம் ஒருத்தன் வருவான், அவனுக்கு உள்ளத எடுத்து இவருக்குக் குடுத்தேன்னு நான் சொல்லணுமா? இல்ல நீங்க வந்து சொல்லுதீங்களா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் இருக்காது. வெளியே ஒரு லாரி பின்னால் வருகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது நின்றபின் முப்பிடாதி பேசினான்.

"குமரிக்குத் தெக்க தோணி கிடந்த அன்னைக்கு, மூட்டைய இறக்குறதுக்குக் கரை இல்ல. குவளையத்தான் பாதியாக்குனோம்."

சொல்லிவிட்டு அவன் வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரிக்கத் தொடங்கினான். ஆனால் ஜாய்சன் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டான். வரம்புக்கு மேலே நிற்பது வருஷத்துக்குப் பதினெட்டாயிரம், மாதத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு, படி வாங்குகிறவர்கள் முப்பது பேர்.

"ஆளுக்கு மாசம் அம்பது ரூவா குறைஞ்சாப் போதும்" என்றான்.

முப்பிடாதியின் கை வெற்றிலையில் அப்படியே நின்றது. "ஏலே, நான் சும்மா பழைய கதையச் சொன்னேன்."

"நல்ல கதை சித்தப்பா."

"அம்பது ரூவான்னா எனக்கு ஒரு வேளை மீனு தெரியுமா?"

"முப்பதுல நானும் உண்டுல்லா? எனக்கும் குறைங்க" என்றார் வாசலில் நின்றவர்.

"நீரு பேசாதயும் தண்டலே. உம்ம பேச்சுக்குத்தான் அன்னைக்கும் என் தொண்டை காஞ்சது."

திட்டிக்கொண்டே முப்பிடாதி கயிற்றைப் பிடித்தான். பிடித்தபின்னும் திட்டினான். அண்ணாச்சியும் ஃபிராங்க்ளினும் பிடித்தார்கள். நான் பிடித்தேன். கடைசியாகப் பிடித்தவன் ஜாய்சன். "ஆனா படியும் செலவுதான், அத நான் விட்டுக்குடுக்கல" என்று சொல்லிவிட்டுத்தான் பிடித்தான்.

விதவைகளுக்குச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. வீடு வீடாகப் போனேன். சிலர் சரி என்றார்கள், சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சரி என்றார்கள். சந்தனச்செல்வி மட்டும் அரிவாள்மணையை விட்டு எழுந்து வந்து கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலின்னு நான் வந்து நின்னப்ப பெட்டியில ஒண்ணும் இல்லன்னீங்க. அன்னைக்கு யாரு அக்கா எனக்காக அம்பது ரூவா குறைச்சா?"

செந்தில்முருகனுக்குக் கொட்டிக் கொடுத்த மறு மாதம் அது. யாரும் குறைக்கவில்லை. குறைக்கலாம் என்று யாருக்கும் தோன்றக்கூட இல்லை. "யாரும் இல்ல" என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். அவளுக்கும் ஐம்பது குறைந்தது. ஆனால் தண்ணீர்க் குழாயில் என் குடத்துக்குப் பக்கத்தில் தன் குடத்தை அதன்பின் அவள் வைத்ததில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

மாத்திரை தொடங்கியதும் சில வாரத்தில் வலி இறங்கியது. பர்னபாஸ் அண்ணன் மறுபடி நேராக நின்று பொங்கினார். கோயிலுக்கு நடந்து போனார். வழியில் முப்பிடாதி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்.

"என் அம்பது ரூவா எப்படி இருக்கு தண்டலே?"

"இடுப்புல கொஞ்சம் வலிக்கு. மத்தபடி நல்லா இருக்கு."

"பாத்து நடயும். தடுக்கி விழுந்தா என் காசுல்லா போவும்."

இது ஒவ்வொரு நாளும் நடந்தது. ஒருநாள் இவர் வராவிட்டால் முப்பிடாதி அறைக்கே போய்விடுவான். "என் காசப் பாக்க வந்தேன்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய் ஒரு கோப்பைக் கஞ்சியும் குடித்துவிட்டு வருவான். அந்தக் கஞ்சி எந்தக் கணக்கில் சேரும் என்று ஜாய்சனிடம் நான் கேட்டேன்.

அந்தக் காலத்தில் அவர் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. என் பேத்தி அனுஜா இதை எழுதிக்கொண்டே, "அப்புறம் அவர் என்னதான் செய்தார் பாட்டி" என்று கேட்கிறாள். பொங்கினார், தின்றார், தூங்கினார். மாதா கோயில் கொடியேற்றத்தை இரண்டு தடவை பார்த்தார். துறைமுகத்துக்குப் போய் வெங்காயம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவன் கோட்டை முக்கிட்டான்" என்று சின்னத் தண்டல்களைக் குறை சொன்னார். எமில்டாவின் பாத்திரத்தில் கருவாடு போட்டு அனுப்பினார். இதற்காகவா அவ்வளவு செலவு என்று கேட்டால், வேறு எதற்காக என்று நான் திருப்பிக் கேட்பேன்.

இரண்டாவது கொடியேற்றம் முடிந்து கொஞ்ச நாளில் வலி திரும்பி வந்தது. மாத்திரை இனி கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று மாலை எமில்டா வீட்டுக்கு ஒரு பாத்திரம் வந்தது. அந்த வாரம் அவள் குழம்பு எதுவும் அனுப்பியிருக்கவில்லை, பாத்திரமும் அவளுடையது இல்லை. உள்ளே பிரிக்காத ஒரு மாத்திரை அட்டை, அதன்மேல் நான்கு கருவாடு. ஜாய்சன் மாமாவைப் பார்க்கப் போனபோது நானும் போனேன்.

"கடையில திருப்பி எடுத்துக்கிட்டா காசைச் சங்கத்துல போட்டுரு. அடுத்த மாசத்துலேந்து எல்லாருக்கும் அம்பது ரூவாயைத் திருப்பிக் குடுத்துருங்க" என்றார்.

"பாப்போம் மாமா."

"பாக்க என்ன இருக்கு. சரக்கு இறங்கிட்டுலே."

மழை தொடங்கும் முன் அவர் போய்விட்டார். அன்று பழைய துறைமுகத்தில் எந்தத் தோணியிலும் சரக்கு ஏற்றவில்லை. தண்டல் செத்தால் அப்படி ஒரு வழக்கம். அண்ணாச்சியின் வெங்காயம் ஒரு லாரி முழுக்கக் கரையில் நின்றது. அவர் சத்தம் போடவில்லை.

ஜாய்சனும் நானும் அந்தப் பேச்சை இன்னும் முடிக்கவில்லை. இப்போது ஒருவருக்கு வைத்தியம் என்று வந்தால் முதலில் மருந்துக்கு ஆகிறதைச் சொல்கிறான். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "இவரு படி தனியா இருக்கு" என்கிறான். அதைக் கூட்டாதே என்கிறேன் நான். கூட்டல, சொல்லுதேன் என்கிறான் அவன். சொன்னாலே கூட்டியதுபோலத்தான் என்கிறேன். அதற்குமேல் எதைக் குறைக்கலாம், யாரிடம் போய்க் கேட்கலாம் என்று பேச்சு வளர்கிறது. முன்பு இந்தப் பேச்சு கிடையாது. சில தடவை வழி கிடைக்கிறது, சில தடவை கிடைப்பதில்லை. கிடைக்காதபோது நானும் கயிற்றைப் பிடித்திருக்கிறேன்.

ஐம்பது ரூபாய் திரும்பி வந்த மாதம், படி வாங்க வரிசையில் எனக்கு முன்னால் முப்பிடாதி நின்றான். ஜாய்சன் கொடுத்ததை எண்ணிப் பார்த்தான்.

"இதுல ஒரு அம்பது கூட இருக்கே."

"ஒங்களோடதுதான் சித்தப்பா. இனிமே குறையாது."

முப்பிடாதி அந்த ஒரு தாளை மட்டும் தனியாக எடுத்து மேல்சட்டைப் பையில் வைத்தான். நேராக மீன் கடைக்குத்தான் போனான். அங்கே விலையைக் கேட்டுவிட்டு, ஐம்பது ரூபாய்க்கு இப்போது ஒரு வேளை மீன்கூட வராது என்று முனகிக்கொண்டே வெறுங்கையோடு திரும்பி வந்தான்.